திரையேறிய தமிழெழுத்து

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முதலாய அம்பாறைக் கரையோர ஊர்களின் முஸ்லிம்கள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அத்தமிழையே அறபு எழுத்திற் பொறித்து ‘அறபுத்தமிழ்’ என வழங்கிய மரபும் இலங்கை முஸ்லிம்களுக்கு உண்டு. மொழி தனக்கு வேண்டிய எழுத்தைத் தேடிக்கொள்ளும் என்பதை இம்மரபு காட்டும். கணினி தோன்றியபோது அத்தேட்டம் மீண்டும் எழுந்தது. பொறிக்கேற்ப எழுத்தைக் குறைப்பதா, எழுத்துக்கேற்பப் பொறியை விரிப்பதா என்பதே வினா.

1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனிக்கணினியின் ஒற்றைநிறத் திரை அட்டை, வரிக்கு 80 எழுத்தாக 25 வரிகளைக் காட்டியது. ஆயின் அதன் சில்லில் நிலையாகப் பதித்திருந்த 256 வடிவங்களுள் தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை. அவ்வாண்டே பிரித்தானியாவில் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ என்னும் வீட்டுக்கணினியிற் புதிய வடிவங்களை வரைய இயலும். எனினும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டத்துள் ‘ண’, ‘ணை’ போன்ற அகன்ற எழுத்துக்கள் செவ்விதின் அடங்கா.

இத்தடையை மற்றோர் ஆசிய மொழியும் எதிர்கொண்டது. தாய்லாந்தினரான வான் சுவன்னுகுல், தம் ஆய்வேட்டைத் தம்மொழி எழுத்தில் எழுத விரும்பி, 1982 இல் ஹெர்குலிஸ் அட்டையை ஆக்கினார். 64 கிலோபைட்டு நினைவகமுடைய அவ்வட்டை, 720க்கு 348 என அமைந்த புள்ளிகளைத் தனித்தனியே ஆண்டது. வார்த்த அச்சுப்போல் நின்ற எழுத்து, வரையத்தக்க ஓவியமாயிற்று.

இந்திய எழுத்துக்களுக்கு இப்பணியைச் செய்தது ஜிஸ்ட் அட்டை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் முளைத்த அத்தொழினுட்பம், 1988 இல் புனேயில் நிறுவப்பட்ட சி-டாக்கில் வளர்ந்தது. கணினியின் செருகிடத்திற் பொருத்தினால், வேர்ட்ஸ்டார், டிபேஸ் முதலிய மென்பொருள்கள் மாற்றமின்றியே தமிழைக் காட்டின. ‘கொ’ என்பதைக் கொள்வோம்: நினைவகத்தில் ககரமும் ஒகரக் குறியும் ஒலிமுறைப்படி அடுத்தடுத்து நிற்கும், கொம்பை முன்னும் காலைப் பின்னுமாக வரைதல் அட்டையின் கடன். இவ்வொலிமுறையை 1991 இல் இந்திய நியமமும் ஏற்றது.

பின்னர் எழுத்து வரையும் தொழிலை மென்பொருளே மேற்கொள்ள, அட்டைகள் மறைந்தன. அவை பற்றிநின்ற ஒலிமுறையோ மறையவில்லை. யூனிக்கோடு அதனைத் தழுவிக்கொண்டது. இன்று கல்முனைக் கடைத்தெருவில் ஒருவர் கைபேசியிற் ‘கொ’ என எழுதும்போதும் அம்முறையே உள்நின்று இயங்குகின்றது. பொறிக்காக எழுத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்பதே இவ்வரலாறு தரும் விடையாகும்.