பவுசரில் மிச்சம் வைக்கும் தண்ணீர்

போன வருடம் மெல்பேர்ணுக்கு வெளியே இருக்கும் எங்கள் ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையில் சேர்ந்தேன். பகலில் கணினி வேலை, வாரத்தில் ஒரு இரவு பயிற்சி. மூன்றாவது வகுப்போ நான்காவதோ, பயிற்றுநர் ஒரு விதி சொன்னார்: பவுசரில் உள்ள தண்ணீரைக் கடைசிவரை அடித்து முடிக்கக்கூடாது. ஒரு பங்கு எப்போதும் மிச்சம் இருக்கவேண்டும். அந்தப் பங்கு நமக்கு.

எனக்கு அது சுயநலமாகப் பட்டது. ஒருவருடைய வீடு எரியும்போது தண்ணீரை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டா நிற்பது? வாயை அடக்காமல் கேட்டும் விட்டேன். அவர் வாதாடவில்லை. "லிண்டனைப் பற்றி வாசித்துவிட்டு வா" என்றார்.

லிண்டனுக்கு முன்னால் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். விக்டோரியாவில் மோசமான நாட்களில் உள்நாட்டிலிருந்து சூடான வடகாற்று வீசும். தீ தெற்கு நோக்கி ஒடுங்கலாக, நீளமாக ஓடும். 10 கிலோமீற்றர் நீளம், 1 கிலோமீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னேறும் முகம் 1 கிலோமீற்றர்தான். பின்னேரம் போலக் குளிர்காற்று தென்மேற்கிலிருந்து வரும். வெக்கை போய்விட்டது என்று வீட்டுக்காரர்கள் யன்னலைத் திறக்கும் அதே காற்று, தீயின் கிழக்குப் பக்கத்தை முழுதாகத் தள்ளிவிடும். இப்போது முன்னேறும் முகம் 10 கிலோமீற்றர். கணக்கு அவ்வளவுதான். ஆனால் அதுவரை அமைதியாக இருந்த அந்தப் பக்கத்தில்தான் பெரும்பாலும் தொண்டர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். தீயின் விளிம்புக்கு வெளியே, இன்னும் எரியாத அந்த நிலத்துக்குப் பயிற்சியில் 'மரண வலயம்' என்று பெயர்.

1939 ஜனவரி 13ஆம் திகதி, 'கறுப்பு வெள்ளி'. அந்தக் கோடையின் தீயில் 71 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட 20 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது. விசாரணை ஆணைக்குழுவாக இருந்தவர் நீதிபதி லெனாட் ஸ்ட்ரெட்டன். பெரும்பாலான தீகளை மூட்டியது மனிதர் கைதான் என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். அறிக்கையை வாசித்தவர்கள் உடனே எழுந்து வேலை செய்யவில்லை. 1944இல் மறுபடி பெருந்தீ, மறுபடி ஸ்ட்ரெட்டன், மறுபடி விசாரணை. அதன் பிறகுதான் 1945 ஏப்ரலில் நாட்டுப்புறத் தீயணைப்புப் படைகள் எல்லாம் ஒரே அதிகாரசபையின் கீழ் வந்தன. நான் போடும் மஞ்சள் உடுப்பு அந்தச் சபையுடையது.

1983 பெப்ரவரி 16, 'சாம்பல் புதன்'. விக்டோரியாவிலும் தென் அவுஸ்திரேலியாவிலும் சேர்த்து 75 பேர். அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டில் மட்டும் 12 தொண்டர்கள் வாகனங்களோடு அகப்பட்டு இறந்தார்கள். பகல் முழுக்க வடகாற்று, இருட்டும் நேரத்தில் தென்மேற்குக் காற்று. அந்த இடம், இன்று நம்மவர்கள் பலர் வீடு கட்டிக் குடியேறும் தென்கிழக்குப் பக்கத்துக்குக் கிட்டத்தான். அந்த வீதியால் எத்தனையோ பிறந்தநாள் விழாக்களுக்குப் போயிருக்கிறேன். ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

இனி லிண்டன். பலராட்டுக்கு அருகே சின்ன ஊர். 1998 டிசெம்பர் 2. சாம்பல் புதனோடு ஒப்பிட்டால் சின்னத் தீ. ஜீலோங்கிலிருந்து வந்த இரண்டு பவுசர்கள், தண்ணீர் நிரப்பத் தீயின் விளிம்போரமாகப் போய்க்கொண்டிருந்தன. காற்றுத் திரும்பியது. இரண்டையும் தீ சூழ்ந்தது. ஒன்றில் இருந்தவர்கள், மிச்சமிருந்த தண்ணீரைத் தங்களைச் சுற்றித் தூவிக்கொண்டு உயிர் தப்பினார்கள். மற்றப் பவுசரில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். ஐவரும் தொண்டர்கள்.

இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். வகுப்பில் நான் கேட்ட கேள்வி அப்போது அவ்வளவு கெட்டித்தனமாகத் தெரியவில்லை.

மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை 2002இல் வந்தது. என் வேலையிலும் ஒரு கணினித் தொகுதி விழுந்தால் ஏன் விழுந்தது என்று அறிக்கை எழுதுவோம். பாதி அறிக்கைகளை எழுதியவரே திரும்பப் பார்ப்பதில்லை. இது அப்படிப் போகவில்லை. அடிப்படைப் பயிற்சி முடிக்காத எவரும் தீக்களத்துக்குப் போகக்கூடாது என்ற விதி உறுதியானது லிண்டனுக்குப் பிறகுதான். ஆகவே நான் அலுத்துக்கொண்டு இருந்த அத்தனை வகுப்புகளும் அதனால் வந்தவை. காற்று மாறப்போகிறது என்றால் வானொலியில் வரும் 'செங்கொடி எச்சரிக்கை'யும் அப்படித்தான். ஒருவர் அறிவித்தால் போதாது, ஒவ்வொரு வாகனமும் கேட்டுவிட்டோம் என்று பதில் சொல்லவேண்டும்.

பயிற்சியின் கடைசிப் பகுதியில் அந்த ஒத்திகையைச் செய்தோம். கத்தல் கேட்டதும் எல்லோரும் பவுசருக்குள். கண்ணாடிகளை மூடி, மறைப்பை இறக்கி, போர்வையால் மூடிக்கொண்டு குனியவேண்டும். வெளியே தூவல் குழாய்கள் வாகனத்தை நனைக்கும். தீயே இல்லாத வாகனத் தரிப்பிடம்தான். என்றாலும் போர்வைக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. தண்ணீர் கூரையில் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உங்களில் சிலர் எப்படிச் சேருவது என்று கேட்பீர்கள். இங்கே 11 வயதிலிருந்து இளையோர் பிரிவு உண்டு. தீயணைக்கப் பயில 16 ஆகவேண்டும், 18க்குக் கீழென்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். அதுதான் கஷ்டமான பகுதி. எனக்கு முப்பது தாண்டியும் அம்மா ஒரு கிழமை கதைக்கவில்லை. அவவுக்கு லிண்டன் கதையைச் சொன்னது பிழையோ சரியோ தெரியாது. இப்போது அழைப்பு வந்து நான் சப்பாத்தைப் போடும்போது, அடுப்படியிலிருந்து ஒன்றுதான் கேட்பா:

"தண்ணி மிச்சம் வைப்பியள்தானே?"