மணவாழ்க்கைத் தவறும் சொத்துரிமையும்

விவாகரத்தின்போது கணவன் மனைவி சொத்தைப் பங்கிடும் பொது விதி இந்தியச் சட்டத்தில் இல்லை. கோத்தகிரியை அடுத்த அரவேணுவில், கணவர் பெயரில் பட்டா உள்ள தேயிலைத் தோட்டத்தில் ஆண்டுக்கணக்காகக் கொழுந்து பறித்த மனைவி, அவருடைய தகாத உறவை நிரூபித்தால் விவாகரத்து பெறலாம். அதனால் நிலத்தில் பங்கு வந்துவிடாது. இது பெருங்குறை.

இந்து திருமணச் சட்டம், 1955-இன் 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி அளிக்கப்பட்ட, இருவருக்கும் பொதுவான பொருள்களை மட்டுமே தொடும். நடத்தை எடைபோடப்படுவது 25ஆம் பிரிவின் நிரந்தர ஜீவனாம்சத்தில்தான். பெண்ணின் சீதனம் முழுக்க அவளுடையதே என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

தவறையும் சொத்தையும் நேரடியாகப் பிணைத்தது கிறித்தவர்களுக்கான 1869 விவாகரத்துச் சட்டம். மனைவியின் தகாத உறவால் மணமுறிவு நேர்ந்தால், அவள் சொத்தைக் கணவர், குழந்தைகள் நலனுக்கு ஒதுக்க 39ஆம் பிரிவு நீதிமன்றத்தை அனுமதித்தது. தவறிய கணவரின் சொத்துக்கு அப்பிரிவில் இடமில்லை. இந்த அநீதி 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது.

2023இல் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் பெயரில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்பும் அடங்கும் என்று கூறிச் சமபங்கை ஏற்றது. அது விவாகரத்து வழக்கு அன்று. அதற்கு அடிப்படை நடத்தையும் அன்று, உழைப்பே.