விரல் மடக்கி எண்ணுவோர்

குறைமாதக் குழந்தை பிறந்த வீட்டில் விரல் மடக்கி மாதம் எண்ணுவோர் இன்றும் உளர். கலீஃபாக்களின் காலத்திலும் இருந்தனர். மணமாகி ஆறே மாதத்தில் பிரசவித்த பெண்ணொருத்தி மீது பழி எழுந்தபோது, அலீ (ரலி) அவர்கள் இரு வசனங்களை இணைத்துக் காட்டியதாக அறிவிப்புகள் கூறுகின்றன. கர்ப்பமும் பால்குடியும் சேர்த்து முப்பது மாதம் (46:15). பால்குடி மட்டும் இரண்டாண்டு (2:233). மீதம் ஆறு. நான்கு மத்ஹபுகளும் கர்ப்பத்தின் குறைந்த கால அளவாக இதனையே கொண்டன. அக்குழந்தைக்குத் தந்தைவழி உரிமை உறுதியாயிற்று.

ஆனால் உயிர்? மருத்துவர் கணக்கில் அது ஏறத்தாழ 27 வாரம். அத்தகைய சிசுவின் உடல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளாது. 1880களில் பாரிஸ் நகரில் தார்னியே என்னும் மருத்துவர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு, சிசுக்களுக்கும் வெப்பப்பெட்டி அமைத்தார். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டிகள் போதாமற்போகவே, மருத்துவர் எட்கர் ரேய் சிசுவைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். இன்று நம் மருத்துவமனைகளிலும் அம்முறை உண்டு. தாய்க்கு இயலாத வேளையில் தந்தையின் மார்பும் போதும்.