ஒளிரும் உலோக நானோ கொத்துகள்

சில அணுக்கள் முதல் ஏறத்தாழ நூறு அணுக்கள் வரை திரண்ட, 2 நானோமீட்டருக்கும் சிறிய பொன், வெள்ளி, செம்புத் திரள்கள். இந்த அளவில் எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் தனித்தனிப் படிகளாகப் பிரிந்துவிடுவதால், இவை உலோகம் போலன்றி மூலக்கூறு போல ஒளியை உறிஞ்சி உமிழ்கின்றன.

கட்டி உலோகமும் ஒளிரும் என்பதை 1969-இல் மூரேடியன் பொன்னிலும் செம்பிலும் கண்டார். அதன் திறன் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு மட்டுமே. 1994-இல் பிரஸ்ட், ஷிஃப்ரின் குழுவினர் கந்தகச் சேர்மங்களால் பொன் துகளுக்கு உறையிட்டு நிலைநிறுத்தும் எளிய முறையைத் தந்தனர்.

கொத்துகளை அளவுவாரியாகப் பிரித்தெடுத்த வரலாறு 1998-இல் ஜார்ஜியா டெக்கில் சூடுபிடித்தது. ராபர்ட் வெட்டன் குழுவினர் குளூட்டாதையோன் என்னும் கந்தகச் சேர்மத்தால் உறையிட்ட பொன் கொத்துகளை, உயிர்வேதியியலார் புரதங்களைப் பிரிக்கும் அதே பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓடவிட்டனர். ஜெல்லில் வரிவரியாகப் பிரிந்து நின்ற பட்டைகளில் மிகுதியாகக் கிடைத்ததன் நிறை 10.4 கிலோடால்டன். அதில் 28 பொன் அணுக்களும் 16 குளூட்டாதையோன்களும் இருப்பதாகக் கணித்தனர். 2002-இல் லிங்க், எல்-சையத் முதலியோர் அதன் ஒளிர்வை ஆராய்ந்தபோதும் கட்டுரைத் தலைப்பில் 28 அணுக்களே இருந்தன. 2005-இல் ஜப்பானில் நெகிஷி, சுகுதா ஆகியோர் நிறையை நுட்பமாக அளந்து, அது 25 அணுக்களும் 18 குளூட்டாதையோன்களும் கொண்டது என்றனர். மூன்று பொன் அணுக்கள் குறைந்து இரண்டு குளூட்டாதையோன்கள் கூடினால் மொத்த நிறை சுமார் 22 டால்டனே மாறும். பத்தாயிரத்தில் இது எளிதில் கண்ணுக்குத் தப்பும். இடைப்பட்ட ஆண்டுகளின் கட்டுரைகளைப் படிப்போர் 28-ஐ 25 என்று திருத்தி வாசிக்க வேண்டும். 2008-இல் வேறோர் உறையிட்ட 25 அணுக் கொத்தின் படிக அமைப்பை இரு அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன: நடுவே 13 அணுக்கள், சுற்றிலும் ஆறு பொன்-கந்தகக் கவ்விகள்.

ஒளிர்வு எங்கிருந்து வருகிறது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. உலோகக் கருவே காரணம் என்பர் சிலர். உறையிலிருந்து உலோகத்துக்கு எலக்ட்ரான் தாவுவதே என்பர் வேறு சிலர். 2003-இல் டிக்சன் குழுவினர் டெண்ட்ரிமர் என்னும் கிளைத்த மூலக்கூறுக்குள் அமைத்த நீல ஒளிப் பொன் கொத்துகள் பெரும் புகழ் பெற்றன. ஆனால் பொன் சேர்க்காத டெண்ட்ரிமரும் நீலமாக ஒளிரும் என்று அடுத்த ஆண்டே வேறொரு குழு காட்டியதால், அந்த ஒளியில் பொன்னின் பங்கைச் சற்றுத் தயக்கத்துடனேயே குறிப்பிட வேண்டியுள்ளது.

2009-இல் சிங்கப்பூரில் மாட்டுச் சீரம் ஆல்புமினைக் கொண்டே 37 டிகிரியில் சிவப்பொளிர் பொன் கொத்துகள் ஆக்கப்பட்டன. சென்னை ஐஐடியில் பிரதீப் குழுவினர், கரைசலில் கலந்த பொன், வெள்ளி 25 அணுக் கொத்துகள் தம்முள் அணுக்களை மாற்றிக்கொள்வதை 2016-இல் பதிவுசெய்தனர்.