இலண்டன்–பாரிஸ் வான்வழித் தொலைவும் பயண நேரமும்

இலண்டன், பாரிஸ் ஆகியன முறையே ஐக்கிய இராச்சியம், பிரான்சு ஆகிய நாடுகளின் தலைநகரங்கள் ஆகும். இவ்விரு நகர மையங்களுக்கும் இடையேயான நேர்வான்வழித் தொலைவு ஏறத்தாழ 344 கிலோமீட்டர். நேரடி வானூர்திப் பயணத்துக்கு அட்டவணையில் பொதுவாக 1 மணி 15 நிமிடம் முதல் 1 மணி 25 நிமிடம் வரை ஒதுக்கப்படுகிறது.

தொலைவைக் கணக்கிடும் முறை

புவி கோள வடிவினது. ஆகையால் இரு இடங்களுக்கு இடையேயான மிகக் குறுகிய பாதை, புவியின் மையத்தை நடுவாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில்லாக அமையும். இரு இடங்களின் அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவற்றைக் கொண்டு இவ்வில்லின் நீளம் கணிக்கப்படுகிறது. இம்முறையில் ஹீத்ரோ வானூர்தி நிலையத்துக்கும் பாரிசின் சார்ல் டி கோல் வானூர்தி நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 347 கிலோமீட்டர் ஆகும்.

பயண நேரம்

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இத்தொலைவைக் கடக்க 26 நிமிடங்களே போதும். எனினும் அட்டவணை நேரம் இதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகும். இதற்கான காரணங்கள்:

* ஓடுபாதைக்குச் செல்லவும், தரையிறங்கிய பின் நிறுத்துமிடத்தை அடையவும் ஆகும் நேரம்.
* குறுகிய பயணத்தின் பெரும்பகுதி மேலேறுவதிலும் கீழிறங்குவதிலும் கழிவதால் முழு வேகம் சிறிது நேரமே கிட்டுதல்.
* வானூர்திகள் வரையறுக்கப்பட்ட வழித்தடங்களைப் பின்பற்றுதல். நெரிசலின்போது தரையிறங்கும் முன் வானில் வட்டமிட்டுக் காத்திருத்தல்.

நேர வேறுபாடு

பாரிஸ் நேரம் இலண்டன் நேரத்தைவிட ஒரு மணி முன்னது. எனவே இலண்டனில் காலை 10:00 மணிக்குப் புறப்பட்டு 1 மணி 20 நிமிடம் பயணம் செய்பவர், பாரிஸ் நேரப்படி 12:20 மணிக்குச் சென்றடைவார். திரும்பும்போது பாரிசில் 10:00 மணிக்குப் புறப்பட்டால் இலண்டன் நேரப்படி 10:20 மணிக்கே வந்துசேர்வார். அட்டவணையிலுள்ள நேரங்களை அப்படியே கழித்துப் பயண நேரத்தைக் கணக்கிடுவது தவறான விடையைத் தரும்.

வரலாறு

1919 ஆகத்து 25 அன்று இலண்டன் அருகிலுள்ள ஹவுன்ஸ்லோ ஹீத்திலிருந்து பாரிசின் லே பூர்ஜேவுக்கு நாள்தோறும் இயங்கும் வானூர்திச் சேவை தொடங்கியது. உலகின் முதல் பன்னாட்டு நாளாந்த வான்சேவையாக இது கருதப்படுகிறது. முதற் பயணம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் எடுத்தது.

1922 ஏப்ரல் 7 அன்று இதே வழியில், வட பிரான்சின் பிகார்டி பகுதியில், எதிரெதிரே வந்த இரு பயணிகள் வானூர்திகள் மோதிக்கொண்டன. தெளிவற்ற வானிலையில் இரண்டும் தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தன. அவற்றில் இருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். வரையறுக்கப்பட்ட வழித்தடங்களின் தேவையை இவ்விபத்து உணர்த்தியது.

தொடருந்துடன் ஒப்பீடு

கால்வாய்ச் சுரங்கம் வழியாக 1994 நவம்பர் 14 அன்று யூரோஸ்டார் தொடருந்துச் சேவை தொடங்கியபோது பயண நேரம் சுமார் மூன்று மணியாக இருந்தது. 2007இல் இங்கிலாந்துப் பகுதியின் அதிவேகப் பாதை நிறைவுற்ற பின் அது ஏறத்தாழ 2 மணி 20 நிமிடங்களாகக் குறைந்தது. தொடருந்துப் பாதையின் நீளம் சுமார் 490 கிலோமீட்டர். அதாவது வான்வழியைவிட 140 கிலோமீட்டருக்கும் கூடுதல்.

ஆயினும் தொடருந்து நிலையங்கள் நகரினுள்ளேயே உள்ளன. ஹீத்ரோவும் சார்ல் டி கோலும் தத்தம் நகர மையங்களிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி அமைந்துள்ளன. இரு முனைகளிலும் நகரத்துக்கும் வானூர்தி நிலையத்துக்கும் இடையே ஒவ்வொரு மணி நேரம், சோதனைகளுக்கு இரண்டு மணி நேரம் எனக் கொண்டால், வானூர்திப் பயணியின் மொத்த நேரம் ஐந்து மணியைக் கடக்கும். தொடருந்துப் பயணி ஒன்றரை மணி நேரம் முன்னதாக நிலையத்தை அடைந்தாலும் நான்கு மணி நேரத்துக்குள் பாரிசை அடைந்துவிடலாம். ஆகவே குறுந்தொலைவுப் பயணங்களில் பறக்கும் நேரத்தை மட்டுமன்றி, புறப்படும் இடத்திலிருந்து சேருமிடம் வரையான மொத்த நேரத்தையும் ஒப்பிடுவதே பொருத்தமானது.