தைனோ மக்களின் தோற்றம்: பானை ஓடுகளும் மரபணுச் சான்றும்

கியூபா, ஹிஸ்பானியோலா, புவெர்ட்டோ ரிக்கோ, ஜமைக்கா முதலிய கரீபியப் பெருந்தீவுகளிலும் பகாமாஸிலும் 1492 முதல் கொலம்பஸ் எதிர்கொண்ட மக்களைத் தைனோ என அழைப்பது இன்றைய ஆய்வு வழக்கு. பாடநூல்கள் பலவும் அவர்களை அராவாக்கர் என்றே குறிக்கின்றன. ஆனால் அப்பெயர், தம்மை லொகோனோ என அழைத்துக்கொள்ளும் கயானாக் கரையோர மக்களுக்கு உரியது. தீவுகளின் மொழியும் லொகோனோ மொழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று டேனியல் பிரின்டன் 1871இல் நிறுவியபின், அந்த மொழி உறவே இன ஒருமையாகவும் வாசிக்கப்பட்டது. இவ்வாசிப்பு தைனோ சமூகத்தைக் கண்டத்திலிருந்து முழு உருவில் வந்திறங்கிய ஒன்றாகக் காட்டிவிடுகிறது. சான்றுகளோ, அது தீவுகளிலேயே பல நூற்றாண்டுகளில் உருவானது என்பதை உணர்த்துகின்றன.

முன்னோர் கண்டத்திலிருந்து வந்தனர் என்பதில் ஐயமில்லை. சிவப்புப் பரப்பின்மேல் வெள்ளை வண்ணம் தீட்டிய மட்கலங்களைச் செய்த வேளாண் மக்கள், கி.மு. 500ஐ ஒட்டிப் புவெர்ட்டோ ரிக்கோவை அடைந்தனர். வெனிசுவேலாவின் ஒரினோக்கோ ஆற்றங்கரையிலுள்ள சலதேரோ என்னும் ஊரின் பெயரால் அவர்களது பண்பாடு சலதோயிடு எனப்படுகிறது. அவர்கள் தீவு தீவாக வடக்கே நகர்ந்தனர் என்பது நெடுங்காலக் கருத்து. எனினும் நம்பத்தகுந்த கரிமக் காலக்கணிப்புகளுள் பழையவை தெற்குத் தீவுகளில் அல்லாமல் வடக்கிலேயே மிகுதியாகக் கிடைப்பதால், திறந்த கடலை நேரே கடந்து சென்றிருக்கவேண்டும் என்னும் கருத்து இப்போது வலுப்பெற்றுள்ளது.

கலத்தின் பாணி மாறும்போதெல்லாம் புதிய மக்கள் வந்ததாகக் கொள்ளும் போக்கும் தொல்லியலில் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பழங்கால மனிதரின் மரபணுவை ஆராய்ந்து 2020இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியான கட்டுரை இதைத் தகர்த்தது: ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளில் பாணிகள் பலமுறை மாறியபோதும், அவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஒரே மரபினர். மட்கலம் அறியாத பழங்குடியினர் அவர்களுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே தீவுகளில் வாழ்ந்திருந்தும், இரு சாராரிடையே இரத்தக் கலப்பு மிக அரிதாகவே தென்படுகிறது. கலப்பு அரிது என்பதால் அறிவுப் பரிமாற்றமும் இல்லை என்று கொள்வதற்கில்லை. பயிர்களைப் பேணும் வழக்கம் அம்மூத்த குடியினரிடமும் இருந்ததற்குப் புவெர்ட்டோ ரிக்கோவின் கற்கருவிகளில் ஒட்டியிருந்த மாவுத்துகள்கள் சான்று.

தீவுகளில் வளர்ந்த வாழ்முறையின் நுட்பம் உணவில் நன்கு விளங்கும். மண்ணை மேடுகளாகக் குவித்த கொனுக்கோ எனும் தோட்டங்களில் விளைந்த கசப்பு மரவள்ளிக் கிழங்கில் சயனைடு நஞ்சு உண்டு. கிழங்கைத் துருவி, நாரால் பின்னிய நீண்ட பையில் திணித்து, கிளையில் தொங்கவிட்டுக் கீழிருந்து இழுத்தால், பை ஒடுங்கி நச்சுச் சாறு வடியும். எஞ்சிய மாவை மண்ணால் செய்த வட்டத் தட்டில் பரப்பிச் சுட்டால், மாதக்கணக்கில் கெடாத கசாபே எனும் அடை கிடைக்கும். இந்த உபரியே கசீக்கே எனப்பட்ட தலைவர்களின் ஆட்சிக்கு ஓர் அடிப்படையாயிற்று எனலாம். புவெர்ட்டோ ரிக்கோவின் காகுவானாவில் செதுக்குருவக் கற்கள் சூழ்ந்த பந்தாட்டக் களங்களும், செமி எனும் தெய்வ உருவான முக்கோணக் கற்களும் தீவுகளிலேயே தழைத்தவை. இவற்றுக்கு இணையான செழுமை ஒரினோக்கோக் கரையில் இல்லை.

தோற்றத்தை நேர்க்கோடாக வரைந்த வரலாறு, முடிவையும் முற்றழிவாகவே எழுதியது. பேரழிவு நிகழ்ந்தது உண்மை: கட்டாய உழைப்பும் பஞ்சமும், 1503இல் ஸ்பானிய ஆளுநர் நிக்கோலாஸ் தே ஒவாந்தோ ஹரகுவாவில் நடத்திய படுகொலையும், 1518இன் பெரியம்மையும் ஹிஸ்பானியோலாவைச் சூறையாடின. பெரியம்மைக்கு முன்பே, தீவு மக்களை ஸ்பானியருக்குப் பணியாட்களாகப் பகிர்ந்தளித்த 1514இன் ஆள் பங்கீட்டுப் பதிவில் எஞ்சியிருந்தோர் சுமார் 26,000 பேரே. ஆயினும் அதே பதிவு, ஸ்பானியக் குடியேறிகளுள் பலர் தீவுப் பெண்களை மணந்திருந்ததையும் காட்டுகிறது. அம்மணங்களில் பிறந்த பிள்ளைகள் பின்னாளைய கணக்குகளில் வேறு பிரிவுகளில் சேர்ந்து மறைந்தனர். இன்றைய புவெர்ட்டோ ரிக்கோவில் தாய்வழி மரபணு ஆராயப்பட்டோரில் ஏறத்தாழ 61 விழுக்காட்டினர் அமெரிக்கப் பழங்குடித் தாய்மாரின் வழிவந்தவர்களாக இருப்பது, அழிவைப் பற்றிய ஏட்டுக் கணக்கு மறைத்த தொடர்ச்சிக்குச் சான்றாகும்.