எருமை நாக்கும் இடம் மாறிய கண்ணும்

பி.காம் படிக்கிறவனுக்கு மீன் கருவில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பற்று இடது பக்கம், வரவு வலது பக்கம் என்று மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருப்பவனுக்கு இடம், வலம் பற்றிப் பேசக் கொஞ்சம் உரிமை உண்டு என்பது என் கட்சி.

எங்கள் குலசேகரன்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஏலத்தில் எருமை நாக்கு என்ற மீனைப் பார்க்கலாம். தட்டையாக இருக்கும். இரண்டு கண்ணும் ஒரே பக்கம். அடுத்த பக்கம் வெளுத்துப்போய்க் கிடக்கும். இதன் அறிவியல் பெயர் என்ன தெரியுமா? செட்டோடஸ் எருமெய். ஆம், நம்ம எருமையேதான்!

கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. அங்கே டேனிஷ் மிஷனில் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மன் பாதிரியார், சோழமண்டலக் கரையின் மீன்களைச் சேகரித்து, பெர்லினில் இருந்த மருத்துவர் மார்கஸ் ப்ளாக்குக்கு அனுப்பிவந்தார். ப்ளாக் 1799இல் இறந்துவிட, அவர் விட்டுப்போன கையெழுத்துப் பிரதியை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801இல் புத்தகமாக வெளியிட்டார். இந்த மீனும் அதில்தான் முதன்முதலாக அச்சேறியது. ஊர் தரங்கம்பாடி, பெயர் நம் மீனவர்கள் வைத்தது. கடலோரத்தில் யாரோ ஒரு மீன்காரர் சொன்ன சொல் இருநூறு வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க லத்தீனில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பெயரைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

சரி, கண் விஷயத்துக்கு வருவோம். தட்டை மீன்கள் பிறக்கும்போது இப்படி இல்லை. குஞ்சுக்கு மற்ற மீன்களைப் போல இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். நேராகத்தான் நீந்தும். சில வாரங்களில் ஒரு கண் மெல்ல நகர்ந்து உச்சந்தலையைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். மண்டை எலும்பும் கூடவே முறுக்கிக்கொள்ளும். பிறகு குருட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி மணலில் படுத்துவிடும்.

இதை வைத்து டார்வினுக்கே ஒரு வழக்கு நடந்தது. 1871இல் செயின்ட் ஜார்ஜ் மிவார்ட் கேட்டார்: பரிணாமம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறதென்றால், முதலில் கண் அரை விரற்கடை நகர்ந்த மீனுக்கு அதனால் என்ன லாபம்? கண் இன்னும் கீழே மணலுக்குள்தானே இருக்கும்? நியாயமான கேள்வி. டார்வின் 1872இல் வந்த ஆறாம் பதிப்பில் பதில் எழுதினார். ஸ்வீடனைச் சேர்ந்த மால்ம் குஞ்சுகளைக் கவனித்து எழுதியதை எடுத்துக்காட்டி, படுத்திருக்கும் குஞ்சு கீழ்க்கண்ணை மேலே திருப்பப் பார்க்கிறது, அந்தப் பழக்கத்தின் விளைவு வழிவழியாக வருகிறது என்றார். எனக்கு இந்தப் பதில் திருப்தியாக இல்லை. இன்றைய விஞ்ஞானிகளும் பழக்கம் அப்படிச் சந்ததிக்கு இறங்கும் என்று ஒப்புவதில்லை. ஆனால் நடுக்கட்டம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பதில் டார்வின் பக்கம்தான் ஜெயித்தது. 2008இல் மாட் ஃப்ரீட்மன், இத்தாலியில் கிடைத்த சுமார் ஐந்து கோடி வருஷத்துக்கு முந்தைய புதைபடிவங்களில் கண் பாதி வழி நகர்ந்து நின்ற மீன்களைக் காட்டினார். அவை பல காலமாக அருங்காட்சியகங்களில் சும்மா கிடந்தவை!

உயிரோடு இருப்பவற்றில் அந்தப் பழைய வடிவத்துக்கு மிக நெருக்கமாக இருப்பது நம்ம எருமை நாக்கின் இனம்தான். அதன் நகர்ந்த கண் முழுசாக மறுபக்கம் போகாமல் தலையின் விளிம்பருகே நிற்கும். இன்னொரு விசேஷம்: பெரும்பாலான தட்டை மீன் இனங்களில் கண் எந்தப் பக்கம் என்பது இனத்துக்கு இனம் நிலையானது. எருமை நாக்கிலோ இடமும் வலமும் ஏறத்தாழ பாதிப் பாதி. இதைப் படித்துவிட்டு ஒரு மீன்காரம்மாவிடம் கேட்டேன். "அது ரெண்டு பக்கமுந்தான் வரும் தம்பி, கொழம்புல போட்டா எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

அப்படியானால் பக்கத்தை யார் முடிவு செய்வது? கரு உருண்டையாக இருக்கும்போது அதற்கு இடது எது என்று எப்படித் தெரியும்? 1868இல் குப்ஃபர் என்ற ஜெர்மன் அறிஞர், மீன் கருவின் வால் முனையில் திரவம் நிறைந்த ஒரு குட்டிப் பையைக் கண்டார். அது எதற்கு என்று நூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. 1998இல் ஜப்பானில் ஹிரோகாவா குழு, எலிக் கருவில் நுண்ணிய மயிரிழைகள் சுழன்று திரவத்தை இடது பக்கமாகத் தள்ளுவதைக் காட்டியது. 2005இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் யோஸ்ட் குழு முதலானோர், குப்ஃபரின் பையும் வரிக்குதிரை மீனில் அதே வேலையைத்தான் செய்கிறது என்று காட்டினார்கள். அந்த ஓட்டத்தைக் குலைத்தால் இதயம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது பூவா தலையா ஆகிவிடும். (வரிக்குதிரை மீனும் நம் நாட்டுச் சரக்குதான். 1822இல் கங்கை மீன்கள் புத்தகத்தில் அதை முதலில் எழுதியவர், 1800இல் கொங்கு நாட்டைச் சுற்றிய அதே புக்கானன். பிற்காலத்தில் ஹாமில்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டார்.)

இது மீனோடு நிற்கிற விஷயமில்லை. 1933இல் சுவிஸ் மருத்துவர் கார்டகெனர், இதயம் வலது பக்கம் இருந்த சில நோயாளிகளுக்குச் சளித் தொல்லையும் தீராமல் இருப்பதை எழுதினார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? 1976இல் அஃப்ஸேலியஸ் விடை சொன்னார்: இந்த நோயாளிகளுக்கு மயிரிழைகள் அசைவதில்லை. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளவும் ஆளில்லை, கருவில் இடது பக்கத்தைக் காட்டவும் ஆளில்லை.

2009இல் ஜப்பானியர்கள் தங்கள் ஊர்த் தட்டை மீனில் பார்த்தபோது, கருவில் இடது பக்கத்தைக் குறித்த அதே மரபணு, கண் நகரும் முன் மூளையின் இடது பக்கத்தில் மறுபடி விழித்துக்கொள்வது தெரிந்தது. முதல் கட்டளையைக் குலைத்தால் கண்ணும் தோன்றிய பக்கம் போனது. எருமை நாக்கில் அந்தக் கட்டளை இன்னும் கண் வரை போய்ச் சேரவில்லையோ? இது என் யூகம் மட்டுமே.

தூத்துக்குடிக்காரன் சங்கைச் சொல்லாமல் விடக் கூடாது. நாம் வலம்புரி என்று கொண்டாடும் அபூர்வச் சங்கை விஞ்ஞானிகள் இடஞ்சுழி என்கிறார்கள்! அவர்கள் கூர் முனை மேலே இருக்கும்படி பிடித்துப் பார்க்கிறார்கள், நாம் வேறு மாதிரி. குளத்து நத்தையில் சுழியை முடிவு செய்வது குஞ்சின் மரபணு அல்ல, தாயின் மரபணு என்று 1923இல் ஸ்டர்டெவன்ட் விளக்கினார். அதைத் தனிப் பதிவாகத்தான் எழுத வேண்டும்.

அடுத்த முறை சந்தைக்குப் போனால் எருமை நாக்கைக் கண் உள்ள பக்கம் உங்களைப் பார்க்க, முதுகுத் துடுப்பு மேலே இருக்கப் பிடியுங்கள். வாய் உங்கள் இடது கைப்பக்கம் இருந்தால் அது இடக்கண் மீன். பத்து மீன் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.